பார்ட்டிகிள் போர்டு துண்டு விறகு இல்லை

மாடுலர் கிச்சனும் அலமாரியும் செய்யும் பட்டறைகளில் மிஞ்சும் துண்டுகளுக்கு எப்போதும் ஆள் உண்டு. டீக்கடைக்காரர் ஒரு சாக்கு கேட்பார். வெந்நீர் போட அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். மரம்தானே என்று கொடுப்பவரும் யோசிப்பதில்லை, வாங்குபவரும் யோசிப்பதில்லை.

பார்ட்டிகிள் போர்டு மரச்சீவலையோ கரும்புச் சக்கையையோ பசையில் கலந்து, சூடேற்றி அழுத்திச் செய்வது. அந்தப் பசை பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில் மரத்தூசியை 1995-லும் ஃபார்மால்டிஹைடை 2004-லும் சேர்த்தது. பலகையை எரித்தால் இந்த வாயுவோடு ஹைட்ரஜன் சயனைடு போன்ற நச்சுகளும் வெளிவரும். ஓரத்தில் பிவிசி பட்டை ஒட்டியிருந்தால் புகை இன்னும் கெட்டது. காற்றோட்டமில்லாத குளியலறை அடுப்பில் இதைப் போடவே கூடாது.

பட்டறை வாசலில் குவித்து எரிப்பதற்கும் இடமில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22-ல் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் வசூலிக்கச் சொன்னது.

துண்டைவிட எனக்கு அதிகக் கவலை தருவது தூள். தேக்கு, வேங்கை இழைத்த தூள் இருக்கும் அதே சாக்கில் போர்டு அறுத்த தூளையும் கூட்டி அள்ளிப் போடுகிறார்கள். அந்தச் சாக்கு மரத்தூள் அடுப்புக்குப் போகிறது, கோழிப்பண்ணைத் தரைக்குப் போகிறது. வாங்குகிறவருக்குக் கலப்படம் தெரிய வழியே இல்லை. தனிச் சாக்கு வைத்து, மேலே பெரிதாக எழுதிவிடுங்கள். எரிக்காமல் உள்ளாட்சியின் குப்பைச் சேகரிப்பில் ஒப்படையுங்கள்.

துண்டுகளுக்குப் பட்டறைக்குள்ளேயே வேலை இருக்கிறது. 18 மி.மீ. துண்டு நெளியாமல் மட்டமாக இருப்பதால், ஒரே அளவில் பல அறுக்க ஸ்டாப் கட்டையாகவும், கீல் குழி போட 35 மி.மீ. துளையிட்ட அச்சாகவும் நன்றாக உதவும். துளை போடும்போது அடியில் வைத்தால் நல்ல பலகையின் பின்பக்கம் பிய்யாது. கிளாம்ப் இறுக்கும்போது இடையில் வைத்தால் மரத்தில் தழும்பு விழாது. லேமினேட் பக்கத்தில் பசையும் எளிதில் ஒட்டாது. ஸ்க்ரூ, ஆணி பிரித்துவைக்கும் பெட்டிக்கும் டிராயர் தடுப்புக்கும் 9 மி.மீ. போதும். பக்கவாட்டில் ஸ்க்ரூ பிடிப்பது பலவீனம். முதலில் சிறு துளை போட்டு, பசையும் தடவுங்கள்.

பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு அதிகம் கசிவது அறுத்த ஓரத்தில்தான். வெயிலும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். அதனால் வீட்டுக்குள் போகும் எதற்கும் எல்லா ஓரத்தையும் எட்ஜ் பேண்டாலோ சீலராலோ மூடுங்கள். குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மை, காய் நறுக்கும் பலகை, முயல் கூண்டு ஆகியவற்றுக்கு இந்தத் துண்டு வேண்டாம். தண்ணீர் படும் இடத்தில் ஊதிவிடும்.

அறுக்கும் தொழிலாளி என்95 முகக்கவசம் போட வேண்டும். அது தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வாயுவுக்குக் காற்றோட்டம்தான் வழி. புளோயரால் ஊதித் தூளைப் பறக்கவிடுவதை நிறுத்துங்கள், உறிஞ்சும் இயந்திரம் வையுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறையில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவம் உரிமை. மூக்கடைப்போ மூக்கில் ரத்தமோ விடாமல் தொடர்ந்தால் மருத்துவரிடம் செய்யும் தொழிலையும் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மிஞ்சிய துண்டு யாருக்குச் சொந்தம் என்ற சச்சரவும் அடிக்கடி வருகிறது. ஷீட்டை வாடிக்கையாளர் வாங்கித் தந்து, கூலிக்கு மட்டும் வேலை என்றால் மிச்சமும் அவருடையது. வேலைக்காக ஒப்படைத்த பொருளை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872-ன் ஒப்பந்தச் சட்டம், 160-வது பிரிவு. பொருளும் கூலியும் சேர்த்துப் பேசியிருந்தால் மிச்சம் பட்டறைக்கு. எதுவானாலும் முதலிலேயே ஒரு வரி எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

வாடிக்கையாளராக நீங்கள் இரண்டு துண்டுகளையாவது கேட்டு வாங்கி வையுங்கள். பிளைவுட் என்று காசு வாங்கிவிட்டு பார்ட்டிகிள் போர்டு வைத்து, மேலே லேமினேட் ஒட்டிவிட்டால் முகத்தில் தெரியாது. அறுத்த ஓரத்தில் தெரிந்துவிடும். அடுக்கடுக்காக இருந்தால் பிளைவுட், சீவல் சீவலாக இருந்தால் போர்டு. ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், சாதாரண போர்டானால் 3087, ஏற்கெனவே லேமினேட் ஒட்டி வருவதானால் 12823 என்ற தர எண்ணும் இருக்கிறதா என்று அறுக்கும் முன்பே பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாற்றியிருந்தால் முதலில் எழுத்தில் முறையிடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பில்லோடு அந்தத் துண்டையும் எடுத்துப் போங்கள்.