மீண்டும் மீண்டும் வரும் குடல் தொற்றும் மருத்துவ ஆய்வுகளும்

தாமிரபரணிக் கரையில் வயிற்றுப்போக்கு என்றவுடன் தண்ணீரின் மேல் ஐயம் கொள்வது வழக்கம். பலமுறை அது சரியே. ஆனால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவுக்குப் பெரும்பாலும் வழிதிறப்பது நாம் உட்கொண்ட ஆன்டிபயாட்டிக் மருந்தே. அது குடலைக் காக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடுகிறது. சிகிச்சைக்குப் பின்னும் இக்கிருமியின் வித்துகள் எஞ்சுவதால், சில வாரங்களில் நோய் மீளக்கூடும்.

இதைத் தடுக்கும் முயற்சிகளில், நெதர்லாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு முக்கியமானது. நலமான கொடையாளரின் மலத்தைக் கரைத்து வடித்து, மூக்குவழிக் குழாயால் சிறுகுடலில் செலுத்தினர். கேட்க அருவருப்பாகத் தோன்றலாம். மாதக்கணக்கில் அவதியுறுவோருக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. 16 பேரில் 13 பேர் முதல் முறையிலேயே நலமடைந்தனர். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் நால்வரே நலமடைந்தனர். வேறுபாடு தெளிவானதால் ஆய்வை இடையிலேயே நிறுத்தி, மருந்துப் பிரிவில் நோய் மீண்டவர்களுக்கும் இச்சிகிச்சையை அளித்தனர். எனினும், உரிய பரிசோதனைக்கு உட்படாத கொடையால் 2019-இல் அமெரிக்காவில் ஒருவர் உயிரிழந்தார். ஆகவே வீட்டில் இதை முயலவே கூடாது.

ஆய்வில் சேர அழைக்கப்பட்டால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அது பதிவாகியுள்ளதா, தங்களுக்குப் புதிய மருந்து கிடைக்காமலும் போகலாமா, பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைச் செலவை ஏற்பவர் யார் என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பெற்று, வீட்டாருடன் கலந்து பேசிய பின்னரே கையொப்பமிடுங்கள். எந்நாளிலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. வரும்போது முன்பு வாங்கிய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துவாருங்கள்.