மங்கல வழக்கும் மரண வணிகமும்: ஜெசிகா மிட்ஃபோர்டின் இதழியல் நெறி

முன்னுரை

உயர்குடிப் பிறப்பை உதறிப் போராட்டக் களம் புகுந்த பெண்டிரின் வாழ்க்கை பெரும்பாலும் தியாகக் கதையாகவே எழுதப்படுகிறது. எதை விட்டு வந்தார் என்பது அங்கே முதன்மை பெற, வந்தபின் எவ்வாறு பணிசெய்தார் என்பது பின்தள்ளப்படுகிறது. ஆங்கிலப் பிரபு குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் பொதுவுடைமைச் செயற்பாட்டாளராகவும் புலனாய்வு இதழாளராகவும் விளங்கியவர் ஜெசிகா மிட்ஃபோர்டு (1917-1996). அவருடைய துறப்பினும் அவர் கையாண்ட சொல்லாய்வு நெறியே ஆழ்ந்து நோக்கத்தக்கது என்பதை, நன்னூல் கூறும் தகுதி வழக்கின் துணைகொண்டு விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

பிறப்பும் துறப்பும்

ரீட்ஸ்டேல் பிரபுவின் ஏழு மக்களுள் ஜெசிகா ஆறாமவர். மகனை ஈட்டன் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர், அவருக்கு வீட்டுக்கல்வியே போதும் எனக் கருதினர். தமக்கையருள் டயானா, பிரித்தானியப் பாசிசத் தலைவர் ஆஸ்வால்டு மோஸ்லியை 1936இல் மணந்தார். யூனிட்டி இட்லரின் பற்றாளரானார். ஜெசிகாவோ பொதுவுடைமையை நாடினார். வீட்டைவிட்டு வெளியேறுவதற்கென்றே வங்கியில் பணம் சேர்த்துவந்த அவர், 1937இல் எஸ்மண்டு ராமிலியுடன் உள்நாட்டுப் போர் மூண்டிருந்த ஸ்பெயினுக்குச் சென்றார். அவரைத் திரும்ப அழைத்துவரும் முயற்சியில் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றே ஈடுபடுத்தப்பட்டது. துறந்து செல்லும் வேளையிலும் குடிப்பிறப்பின் சலுகை பின்தொடர்ந்ததை இந்நிகழ்வு காட்டுகிறது.

பின்வந்த இழப்புகளுக்குச் சலுகை ஏதும் இல்லை. முதற்குழந்தை கைக்குழந்தைப் பருவத்திலேயே தட்டம்மைக்குப் பலியாயிற்று. 1939இல் தம்பதியர் அமெரிக்கா சென்றனர். விமானப்படையில் சேர்ந்த ராமிலி 1941இல் போரில் மறைந்தார். 1943இல் வழக்குரைஞர் ராபர்ட் ட்ரூஹாஃப்டை மணந்த ஜெசிகா, கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் குடியேறிப் பொதுவுடைமைக் கட்சியிலும் குடியுரிமைப் பேரவையிலும் பணியாற்றினார். மிசிசிப்பியில் மரண தண்டனை விதிக்கப்பட்ட வில்லி மெகீ என்னும் கறுப்பினத்தவரைக் காக்கும் இயக்கத்திற்காக அம்மாநிலத்திற்கே சென்றார். எனினும் 1951இல் அத்தண்டனை நிறைவேற்றப்பட்டது.

குழூஉக்குறி: தன் தரப்பை நோக்கிய எள்ளல்

ஒரு பொருளுக்கு இயல்பாய் அமைந்த சொல்லை விடுத்து, தகுதி கருதி வேறொரு சொல்லால் வழங்குவது தகுதி வழக்கு. இதனை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என நன்னூல் மூவகைப்படுத்தும். சொல்லைக் கொண்டே ஒருவர் எக்குழுவினர் என அறியும் செவி, மிட்ஃபோர்டு குடும்பத்தின் சொத்து எனலாம். உயர்குடிச் சொற்களையும் ஏனையோர் சொற்களையும் வேறுபடுத்திக் காட்டி 1950களில் பெரும் விவாதத்தைக் கிளப்பியவர் மூத்த தமக்கை நான்சி. அதே முறையைப் பின்பற்றி 1956இல் ஜெசிகா ஒரு சிறுவெளியீடு எழுதினார். அதில் எள்ளப்பட்டவை உயர்குடியினரின் சொற்கள் அல்ல. அவருடைய கட்சித் தோழர்களின் குழூஉக்குறிகள். பிறப்பால் வாய்த்த கருவியை அவர் முதலில் திருப்பியது தம் தரப்பின்மீதுதான் என்பது குறிப்பிடத்தக்கது. 1958இல் அவர் கட்சியைவிட்டு விலகினார்.

மங்கலம்: வணிகமான வழக்கு

தொழிற்சங்க உறுப்பினர் இறந்தால் குடும்பத்திற்குக் கிடைக்கும் உதவித்தொகை சவ அடக்க நிறுவனங்களுக்கே போய்ச் சேர்வதை ட்ரூஹாஃப்ட் கண்டார். அதிலிருந்து தொடங்கிய ஆய்வு, 1963இல் 'அமெரிக்கன் வே ஆஃப் டெத்' என்னும் நூலாயிற்று. அத்தொழிலினர் தமக்குள் படிக்கும் வணிக இதழ்களே ஜெசிகாவின் முதன்மைச் சான்றுகள். சவப்பெட்டியை நகைப்பேழையைக் குறித்த சொல்லாலும், பிணம் கிடத்தும் அறையைத் 'துயிலறை' என்றும், சவ அடக்கம் செய்பவரை 'இயக்குநர்' என்றும் வழங்கும் வழக்கை அவர் வெளிக்கொணர்ந்தார்.

செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் தமிழுக்குப் புதியன அல்ல. ஆனால் நம் இலக்கணம் காட்டும் மங்கலம் கேட்போரின் மனம் நோகாமைப் பொருட்டு அமைந்தது. ஜெசிகா காட்டும் மங்கலமோ விற்போரின் ஆதாயத்தைப் பொருட்டாகக் கொண்டது. பெயர் மாறியபோது விலையும் ஏறியது. பதனிடுதலைச் சட்டம் கட்டாயமாக்குகிறது என்று துயருற்றோரை நம்பவைத்ததையும், பொதுவாக அத்தகைய சட்டம் இல்லாமையையும் அவர் எடுத்துக்காட்டினார். 1984இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டரசு விதி, ஒவ்வொரு பணிக்கும் தனித்தனி விலைப்பட்டியல் தருவதைக் கட்டாயமாக்கியது. பதனிடுதல் பற்றிய பொய்யுரையையும் தடைசெய்தது.

முடிவுரை

ஜெசிகா மிட்ஃபோர்டு செல்வத்தையும் உறவையும் துறந்தார். தம் குலம் தந்த செவியையும் அதிகாரத்திற்கு அஞ்சாத நகையையும் துறக்கவில்லை. அவற்றையே எளியோர்க்கான கருவியாக்கினார். தகுதி வழக்கை ஆராயும்போது அச்சொல் யாருடைய தகுதியைக் காக்கிறது, யாருடைய பணத்தைக் கவர்கிறது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும் என்பது அவர் எழுத்திலிருந்து பெறப்படுகிறது. இன்றைய தமிழ் விளம்பர மொழியையும் நிறுவன மொழியையும் ஆராய்வோர்க்கு இந்நெறி பயன்படும்.