உருசிய இலக்கியத்தில் ஆசிரியர்

19-ஆம் நூற்றாண்டில் உருசிய நாட்டில் தோன்றிய பேரெழுத்தாளர் சிலர் பள்ளியையும் ஆசிரியரையும் தம் நூல்களில் தெளிவுறத் தீட்டியுள்ளனர். அவர்கள் ஆசிரியரை வாளா புகழ்ந்தாரல்லர், இகழ்ந்தாருமல்லர். அச்சம் ஆளும் இடத்தில் கல்வி வளராது என்பதையும், ஆசிரியரைப் பேணாத நாட்டில் அது நிலைபெறாது என்பதையும் கதை வாயிலாக உணர்த்தினர்.

கோகோல் என்பார் 1842-இல் வெளியிட்ட ‘இறந்த ஆன்மாக்கள்’ என்னும் நூலில் ஓர் ஆசிரியர் வருகிறார். வகுப்பில் அமைதி ஒன்றையே அவர் விரும்பினார். அறிவுக்கூர்மையுடைய மாணவரைச் செருக்கர் எனக் கருதி ஒறுத்தார். சிச்சிக்கோவ் என்னும் மாணவன் இதனை நன்கறிந்தான். வகுப்பில் அசையாது அமர்ந்திருப்பான். மணி அடித்ததும் விரைந்து சென்று ஆசிரியரின் தொப்பியை எடுத்து நீட்டுவான். அதனால் நற்சான்றும் பரிசும் பெற்றான். பின்னாளில் அவ்வாசிரியர் வேலையிழந்து, நோயுற்று, உணவுமின்றி வாடினார். அப்போது அவரால் வெறுக்கப்பட்ட மாணவர்களே, சிலர் தம் உடைமைகளை விற்றும், பொருள் திரட்டி உதவினர். சிச்சிக்கோவோ சிறு வெள்ளிக்காசு ஒன்றைத் தந்து ஒதுங்கினான். அச்செய்தி கேட்ட ஆசிரியர் கைகளால் முகத்தை மூடி அழுதார். பணிவுபோல் தோன்றுவதெல்லாம் பண்பாகாது என்பதைக் காலங்கடந்தே அவர் உணர்ந்தார்.

ஆசிரியரே அச்சத்துக்கு அடிமையாயின் விளைவது யாது? செகாவ் 1898-இல் எழுதிய ‘உறைக்குள் வாழ்ந்த மனிதர்’ என்னும் சிறுகதை இதற்கு விடை கூறும். கிரேக்க மொழி கற்பித்த பெலிக்கோவ், வானம் தெளிந்த நாளிலும் குடையும் மழைக்காலணியும் தடித்த மேலங்கியும் இன்றி வெளிச்செல்லார். புதியது எதனைக் கண்டாலும் கேடு வருமோ என நடுங்குவார். தாம் அஞ்சியதோடு அமையாது, உடனாசிரியரையும் ஊராரையும் 15 ஆண்டுகள் அஞ்சவைத்தார். அவருடைய ஓயாத முறையீட்டுக்கு இணங்கி, மாணவர் இருவர் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர்.

செகாவ் 1897-இல் எழுதிய ‘வண்டியில்’ என்னும் கதை மற்றொரு துயரைக் காட்டுகிறது. மரியா வசீலியெவ்னா 13 ஆண்டுகளாகச் சிற்றூரில் பணியாற்றும் ஆசிரியை. 21 ரூபிள் ஊதியம் பெறுபவர். அதனை வாங்க நகருக்குச் சென்று, சேற்று வழியே வண்டியில் திரும்புகிறார். இளவேனிலின் எழில் எங்கும் விரிந்திருந்தும் அவர் உள்ளத்தில் அது புகவில்லை. பள்ளிக்கு விறகு வேண்டும், தேர்வு நெருங்குகிறது, முறையிட்டாலும் கேட்பாரில்லை. ஆற்றைக் கடக்கையில் அவர் வாங்கிய மாவும் சர்க்கரையும் நனைந்துபோகின்றன. ஊரார் கைவிட்ட ஆசிரியரிடம் ஊக்கம் எங்ஙனம் நிலைக்கும்?

இவ்வெழுத்தாளர்களுட் சிலர் குறை கூறியதோடு நின்றாரல்லர். டால்ஸ்டாய் 1859-இல் தம் ஊராகிய யாஸ்னயா பொல்யானாவில் உழவர் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கினார். அங்கே வீட்டுப்பாடம் இல்லை. சிறுவர் வெறுங்கையராய் மகிழ்ந்து வந்தனர். 1872-இல் அவர் சிறுவர்க்கென அரிச்சுவடி நூலும் வெளியிட்டார். செகாவ் தாம் வாழ்ந்த மெலிகோவோவிலும் அண்டையூர்கள் இரண்டிலும் பள்ளிகள் கட்டுவித்தார்.

அன்பால் கற்பிக்கும் ஆசிரியரும், அவரைப் பேணும் சமுதாயமும் ஒருங்கே அமைந்தால்தான் கல்வி தழைக்கும். உருசிய இலக்கியம் உலகிற்கு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.