இலெமூரியா: போலி அறிவியல் நூல்களும் பல்ப் புனைவுகளும் தரும் வாசிப்பின்பம்

முன்னுரை

மரக்கூழால் செய்த மலிவான தாளில் அச்சிடப்பட்ட அமெரிக்கக் கதையிதழ்கள் ‘பல்ப்’ இதழ்கள் எனப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவற்றுக்குப் பெரும் வாசகர் கூட்டம் இருந்தது. அறிவியலின் நடையை மேற்கொண்டு அதன் சோதனை முறையை மேற்கொள்ளாத நூல்களும் அக்காலத்தில் பெருகின. இவ்விருவகை எழுத்தும் தரும் சுவை எங்கிருந்து பிறக்கிறது, அச்சுவை எவ்விடத்தில் சான்றாக மயங்குகிறது என்பவற்றை இலெமூரியா என்னும் பெயரின் வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கருதுகோளிலிருந்து கதைக்கு

இலெமூரியா தோன்றியபோது போலி அறிவியல் அன்று. லெமூர் வகை விலங்குகளின் பரவலை விளக்க, இந்தியப் பெருங்கடலில் முன்பு ஒரு நிலப்பரப்பு இருந்திருக்க வேண்டும் என்று கருதிய ஆங்கில விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் 1864இல் அதற்கு இப்பெயரிட்டார். கண்டங்கள் இடம்பெயர்வதில்லை என்று நம்பப்பட்ட காலத்தில் அது தகுந்த கருதுகோளே. 1912இல் ஆல்ஃபிரட் வெகனர் கண்டப்பெயர்ச்சிக் கொள்கையை முன்வைத்தார். 1960களில் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றபின், மூழ்கிய கண்டம் என்னும் விளக்கம் தேவையற்றதாயிற்று.

அறிவியல் கைவிடும் முன்பே பிறர் அப்பெயரை எடுத்துக்கொண்டனர். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888இல் வெளியிட்ட நூலில் இலெமூரியரை மனிதகுலத்தின் மூன்றாம் மூல இனமாக்கினார். அச்சபையைச் சார்ந்த ஸ்காட்-எலியட் 1904இல் அக்கண்டத்திற்கு நிலப்படங்களே வெளியிட்டார். பன்னிரண்டு முதல் பதினைந்து அடி உயரமுள்ள இலெமூரியன் ஒருவன் கொடிக்கயிற்றால் பேருருவ ஊர்வன ஒன்றை நடத்திச் செல்லும் காட்சியையும் அவர் தீட்டினார். அதற்கு அவர் கொண்ட ஆதாரம் ஞானதிருஷ்டியே.

சுவையின் கூறுகள்

இந்நூல்களின் சுவைக்கு மூன்று உத்திகள் அடிப்படையாகின்றன. முதலாவது, மறைந்து கிடந்த ஆவணம். 1926இல் ‘மு’ என்னும் கண்டத்தைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் சர்ச்வர்டு, இந்தியக் கோயில் ஒன்றின் பூசகர் தமக்குப் பழம் பலகைகளைக் காட்டியதாகக் கூறினார். அப்பலகைகளை வேறெந்த ஆய்வாளரும் கண்டதில்லை. இரண்டாவது, துல்லியம். அடிக்கணக்கும் நிலப்படமும் ஆண்டு எண்ணும் அளந்தறிந்த செய்தி போன்ற தோற்றத்தைத் தருகின்றன. மூன்றாவது, அறிஞர் உலகம் மறுத்ததை அறிந்துகொண்டோம் என்று வாசகர் அடையும் பெருமிதம்.

இவை மூன்றும் சாகசக் கதையின் உத்திகளும் ஆகும். பழஞ்சுவடி, தொலைந்த நகரம், தனித்து நிற்கும் தேடலாளன் ஆகியவை பல்ப் இதழ்களின் சாகசக் கதைகளில் அடிக்கடி இடம்பெற்றன. ஆகவே போலி அறிவியல் நூல் வாசகரை மகிழ்விப்பது வியப்பன்று. கதையின் உறுப்புகள் அனைத்தும் அதனிடம் உள்ளன.

ஒரே பொருள், இரு உடன்பாடுகள்

வேறுபாடு வாசகருடன் செய்துகொள்ளும் உடன்பாட்டில் உள்ளது. 1928இல் ‘வியர்டு டேல்ஸ்’ இதழில் வெளிவந்த ‘தி கால் ஆஃப் கதுலூ’ கதையில் லவ்கிராஃப்ட், ஸ்காட்-எலியட்டின் நூலைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறார். பொருள்முதல்வாதியான அவர் அந்நூலின் கூற்றுகளை நம்பியவர் அல்லர். கதைக்கு நம்பகத்தன்மை ஊட்டும் கருவியாகவே அதனைக் கொண்டார். அது கதை என்பதை வாசகரும் அறிவர்.

‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ் 1945 மார்ச்சில் இந்த உடன்பாட்டை மீறியது. ரிச்சர்டு ஷேவர் அனுப்பிய எழுத்தை ஆசிரியர் ரே பால்மர் விரித்தெழுதி, ‘ஐ ரிமெம்பர் லெமூரியா’ என்னும் தலைப்பில் உண்மை நினைவாக வெளியிட்டார். நிலத்தடியில் வாழும் தீயோரைத் தாமும் அறிந்ததாகக் கூறும் மடல்கள் குவிந்தன. அறிவியல் புனைவு ஆர்வலருள் பலரோ இதனைக் கடுமையாக எதிர்த்தனர். கற்பனையை விரும்பி வாசித்தவர்களே கற்பனையை உண்மையென விற்பதைக் கண்டித்தனர் என்பது எண்ணத்தக்கது.

தமிழாய்வும் இலெமூரியாவும்

தமிழில் கடல்கோள் பற்றிய மரபு இலெமூரியாவுக்கு மிக முந்தியது. இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களுக்கு 4440, 3700, 1850 ஆண்டுகள் எனக் கணக்குரைக்கிறது. பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட எழுநூற்றுக் காவத நிலத்தையும் அதன் 49 நாடுகளையும் அடியார்க்குநல்லார் குறிக்கிறார். இவை உரைமரபின் செய்திகள். அம்மரபு தன் தொன்மையை எவ்வாறு எண்ணியது என்பதற்குச் சான்றாகும் தகுதியுடையவை. இருபதாம் நூற்றாண்டில் இவற்றோடு இலெமூரியா இணைக்கப்பட்டபோது, ஸ்கிளேட்டரின் கருதுகோளும் ஸ்காட்-எலியட்டின் ஞானதிருஷ்டியும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. அதனால் இழப்புற்றது உரைமரபே. அதன் செய்திகளை அவற்றுக்குரிய காலத்திலும் நோக்கத்திலும் வைத்து ஆராயும் வாய்ப்பு குறைந்தது. கண்டம் மறுக்கப்பட்டபோது, உரையாசிரியர் கூற்றும் உடன் மறுக்கப்பட்டது போன்ற மயக்கம் எழுந்தது.

முடிவுரை

போலி அறிவியல் நூலைச் சுவைத்து வாசிப்பது குற்றமன்று. வெகுசன வாசிப்பின் வரலாற்றை எழுதுவோருக்கு அந்நூல் முதன்மைச் சான்றாகவும் ஆகும். தான் தோன்றிய காலத்தின் ஆவலையும் அச்சத்தையும் அது காட்டுகிறது. ஆனால் தான் விவரிக்கும் நிலத்துக்கு அது சான்றாகாது. ஒரு நூல் எதற்குச் சான்று என்னும் வினாவை மேற்கோள் காட்டும் முன் எழுப்புவது ஆய்வாளர் கடன். அவ்வாறு எழுப்பின் கதையின் இன்பமும் கெடாது, உரைமரபின் மதிப்பும் குன்றாது.