போதையின் சித்திரம்

குடிப்பவன் மனம் வைத்தால் நிறுத்த முடியாதா என்று கேளாத குடும்பம் எந்த தேசத்திலும் அபூர்வம். அக்கேள்விக்கு உபதேசத்தால் அல்லாமல், உயிருள்ள மனிதரின் மூளையைப் படம் பிடித்து விடை தேடியவர் நோரா வால்கோ என்னும் அம்மையார். 1956இல் மெக்ஸிகோ நகரில் பிறந்த இவர் ருஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கியின் கொள்ளுப் பேத்தி. 1940இல் அத்தலைவர் தாக்குண்ட அதே வீட்டில் வளர்ந்தும், அரசியலை நாடாமல் வைத்தியம் பயின்றார்.

கோக்கேனில் பெரிய தீங்கில்லை என்று படித்தவர்களும் நம்பிய 1980களில், ஹூஸ்டனில் ஆராய்ச்சி செய்த அவர், அதை வழக்கமாக உபயோகித்தவர்களின் மூளையில் ரத்த ஓட்டம் ஆங்காங்கே குன்றியிருப்பதைக் கண்டு, 1988இல் பிரசுரித்தார்.

பிறகு லாங் ஐலண்டிலுள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், ஜோவன்னா ஃபௌலர் என்ற ரசாயன நிபுணருடன் சேர்ந்தார். அங்கே கதிரியக்கக் கார்பன் ஏற்றிய மருந்தொன்றை நரம்பில் செலுத்துவார்கள். அந்தக் கார்பனின் அரை ஆயுள் 20 நிமிஷமே; ஆகையால் தயாரித்த கையோடு செலுத்தியாக வேண்டும். பந்தியில் முந்தியவருக்கே இலை என்பதுபோல், இன்பத்தையும் ஊக்கத்தையும் தூண்டும் டோபமின் என்னும் ரசாயனம் பெருகி, அதுவும் மருந்தும் ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் அமர்ந்துவிட்டால், மருந்துக்கு இடம் குறைந்து படத்தில் அதன் ஒளி மங்கும்.

இத்தகைய மூளைப் படங்களால், கோக்கேனுக்கு அடிமையானவர்களிடம் ஒருவகை டோபமின் ஏற்பிகள் குறைந்திருப்பதும், பழக்கத்தை விட்டுச் சில மாதங்கள் கழிந்தும் அக்குறை நீங்காமையும், தன்னடக்கத்துக்கு ஆதாரமான முன்மூளைப் பகுதிகள் மந்தித்திருப்பதும் பிரத்தியட்சமாயின. 2006இல் வெளியான சோதனை இன்னும் விசித்திரமானது. அத்தகையோருக்கு ஒருமுறை இயற்கைக் காட்சிகளும், மற்றொருமுறை பிறர் கோக்கேன் புகைக்கும் காட்சிகளும் காட்டப்பட்டன. கோக்கேன் ஒரு துளியும் உட்செல்லாமல், வெறும் காட்சியாலேயே மூளையின் ஆழத்தில் டோபமின் உயர்ந்தது. உயர்வு மிகுந்தவர்களுக்கு வேட்கையும் மிகுந்திருந்தது.

போதைக்கு அடிமையாவது ஒரு வியாதி என்பதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. பொறுப்பு முழுவதும் மூளைமேல் விழுந்துவிடுமோ என்ற அவர்களுடைய ஐயம் அற்பமானதன்று. எனினும் திட்டியும் தண்டித்தும் குணப்படுத்திவிடலாம் என்ற பழைய நம்பிக்கைக்கு இப்படங்கள் இடமே வைக்கவில்லை.

2003இல் அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆராய்ச்சி நிலையத்துக்கு வால்கோ தலைவரானார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் குடியை வெல்ல முடியாமல் தற்கொலை செய்துகொண்டவர். போதையையே ஆராய்ந்து வந்த மகளிடம்கூட, தாய் அதை மரணத் தறுவாயில்தான் வெளியிட்டார். அத்தனை வெட்கம்! நம் வீடுகளில் அப்படி ஒருவர் இருப்பாரானால், அவரை ஒளித்து வைக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.