பெயரில் மட்டும் கௌரவம்

தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என 1966-இல் கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. 1968, 1986, 2020 ஆகிய மூன்று கல்விக் கொள்கைகளும் அதையே வழிமொழிந்தன. இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. நான்தான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

பற்றாக்குறையை எங்கே மறைப்பது? பாதியில் நிற்கும் கட்டடம் ஊரார் கண்ணில் படும். நிரப்பப்படாத பேராசிரியர் பணியிடம் படாது. அங்கே 'கௌரவ விரிவுரையாளர்' அமர்த்தப்படுகிறார். கௌரவம் பெயரில் உண்டு, ஊதியத்தில் இல்லை.

முனைவர் பட்டம் பெற்ற என் முன்னாள் மாணவர் ஒருவரும் அவ்வாறே பணிபுரிகிறார். ஆண்டுக்கு 11 மாதமே தொகுப்பூதியம். மே மாதம் கிடையாது. "ஐயா, வீட்டுக்காரர் மே மாத வாடகையை விட்டுக்கொடுப்பாரா?" என்று கேட்டார். பொருளியல் போதித்த எனக்கு விடை தெரியவில்லை.