மின்னிதழ்க் கட்டுரைகளும் நூலகங்களிடை இரவலும்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில் அமைந்துள்ள பெக்கோக், இரப்பர், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூராகும். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் பகுதிக்குச் செல்வோர் இவ்வூரைக் கடந்தே செல்வர். இங்கு வாழும் தமிழாசிரியர் ஒருவர், பகுதிநேர முதுகலை மாணவராகப் பதிந்துகொண்டு தோட்டப்புற நாட்டுப்பாடல்களை ஆராய்கின்றார் எனக் கொள்வோம். அவருக்கு இரண்டு கட்டுரைகள் தேவைப்படுகின்றன. ஒன்று, அவருடைய பல்கலைக்கழகம் சந்தா செலுத்தாத ஆங்கில மின்னிதழில் உள்ளது. மற்றொன்று, பேராசிரியர் நா. வானமாமலை 1969இல் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழின் பழைய தொகுதியொன்றில் உள்ளது. இவ்விரண்டும் அவர் கைக்கு எவ்வழியில் வந்து சேரும், எங்கே தடைப்படும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரவல் முறை

ஒரு நூலகம் தன்னிடம் இல்லாத ஒன்றை மற்றொரு நூலகத்திடம் கேட்டுப் பெற்றுத் தன் வாசகருக்கு அளிக்கும் ஏற்பாடே நூலகங்களிடை இரவல் ஆகும். நம் நாட்டில் இது 'பிஞ்ஜாமான் அந்தாரா பெர்புஸ்தக்காஆன்' என வழங்கப்படுகின்றது. வாசகர் பிற நூலகத்தை நேரடியாக நாடுவதில்லை. தம் நூலகத்தில் விண்ணப்பம் அளிக்க, அதுவே அவர் பொருட்டுக் கேட்டுப் பெறுகின்றது.

நூல் இரவலாகச் சென்றால் திரும்பி வரும். கட்டுரையோ திரும்புவதில்லை, அதன் படியே அனுப்பப்படுகின்றது. ஆதலின் கட்டுரையைப் பொறுத்தவரை 'இரவல்' என்பது பெயரளவிலேயே நிற்கின்றது. தொடக்கத்தில் ஒளிப்படிகள் அஞ்சலில் சென்றன. பின்னர்த் தொலைநகல் வந்தது. 1991இல் வெளிவந்த 'ஏரியல்' என்னும் மென்பொருள், வருடப்பட்ட பக்கங்களை இணையத்தின்வழி அனுப்ப உதவியது. 1997 சூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் வெள்ளம் புகுந்து, ஏறத்தாழ 5 இலட்சம் தொகுதிகள் நனைந்தன. இழந்த இதழ்களின் கட்டுரைகளைப் பிற நூலகங்களிலிருந்து விரைந்து பெறுவதற்காக அந்நூலகம் உருவாக்கிய முறையே, பின்னர்ப் பல நூலகங்கள் இணைந்த 'ரேப்பிட்' அமைப்பாக வளர்ந்தது.

உரிமமும் பகிர்வும்

அச்சிதழை வாங்கும் நூலகம் அதன் உடைமையாளர் ஆகின்றது. அதிலிருந்து படியெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் வரையறுக்கின்றது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆராய்ச்சிக்கும் தனிப்பட்ட கல்விக்குமான நியாயமான பயன்பாட்டிற்கு இடமளிக்கின்றது. பொதுநலன் கருதி, ஆதாயமின்றி நூலகங்கள் மேற்கொள்ளும் சில பயன்பாடுகளையும் அது நிபந்தனைகளுடன் ஏற்கின்றது.

மின்னிதழின் நிலை வேறு. நூலகம் பெறுவது பெரும்பாலும் இதழை அன்று. அதனைப் பார்வையிடும் உரிமத்தையே. எனவே, சட்டத்துடன் பதிப்பகத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தமும் பகிர்வைத் தீர்மானிக்கின்றது. சில ஒப்பந்தங்கள் பிற நூலகங்களுக்கு வழங்குவதை அறவே தடுக்கின்றன. சில, கட்டுரையைத் தாளில் அச்சிட்டு, அதனை மீண்டும் வருடி அனுப்புமாறு விதிக்கின்றன. வேறு சில, பாதுகாப்பான மின்வழி அனுப்புதலை ஏற்றாலும், அதனை ஒரே நாட்டிற்குள் அடக்கிவிடுகின்றன. நொடிப்பொழுதில் பெக்கோக்கை அடையக்கூடிய கோப்பு இதனால் நாள்கணக்கில் காத்திருக்க நேர்கின்றது. சிலவேளை வாராமலே போகின்றது. தொலைவு நீங்கிய இடத்தில் ஒப்பந்தம் தடையாய் வந்து நிற்கின்றது.

ஆகவே, பகிரும் உரிமை விண்ணப்பம் வரும்போது பிறப்பதன்று. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதே முடிவாகிவிடுகின்றது. பிற நூலகங்களுக்குக் கட்டுரை வழங்கலாமா, மின்வழியிலேயே அனுப்பலாமா, வெளிநாட்டு நூலகங்களுக்கும் அனுப்பலாமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை பெற்ற பின்னரே நூலகங்கள் கையெழுத்திடுதல் வேண்டும். இதனை வற்புறுத்தும் பொறுப்பு நூலகர்களுக்கு மட்டுமன்றி, ஆய்வுத் துறைகளுக்கும் உண்டு.

தமிழ் இதழ்களின் நிலை

ஆசிரியர் வேண்டும் இரண்டாவது கட்டுரைக்கு இத்தகைய உரிமச் சிக்கல் முதல் தடையன்று. அவ்விதழ் எந்த நூலகத்தில் உள்ளது என்று அறிவதே தடையாகும். உலக நூலகப் பட்டியல்கள் பலவற்றில் தமிழ்த் தலைப்புகள் உரோமன் எழுத்தில் பதிவாகியுள்ளன. நூலக வழக்கப்படி, 'ஆராய்ச்சி' என்பதிலுள்ள சகரம் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தால், அது இரட்டித்த வடிவில் எழுதப்படும். ஒலிப்பை ஒட்டி வேறுவகையில் எழுதித் தேடுபவருக்கு அவ்விதழ் இல்லாததுபோல் தோன்றும். தேடிக் கிடைக்காதது இல்லை என்று பொருளாகாது.

பழைய தமிழ் இதழ்களைத் தேடுவோர், 1994இல் சென்னையில் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கென 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தையும் முதலில் நாடலாம். விண்ணப்பத்தில் கட்டுரையாசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி, எண், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை முழுமையாகக் குறித்தல் வேண்டும். தமிழ்த் தலைப்பாயின் தமிழ் எழுத்திலும் உரோமன் எழுத்திலும் தருதல் நன்று. தொகுதியெண் ஒன்று தவறினாலும் விண்ணப்பம் வெறுங்கையோடு திரும்பக்கூடும்.

முடிவுரை

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய தனிநாயக அடிகள், 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கித் தமிழாய்வைப் பல நாட்டாரிடத்தும் கொண்டு சேர்த்தார். 1966இல் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெறவும் அவர் பெரிதும் உழைத்தார். ஆய்வு நாடு கடந்து பயில வேண்டும் என்பதே அவர் முயற்சிகளின் உட்பொருளாகும். அது நிறைவேற, ஆய்விதழ் நடத்தும் நாமும் செய்ய வேண்டுவன உள. நம் இதழ்களின் பொருளடக்கத்தை இரு எழுத்துகளிலும் வெளியிடுதலும், பகிர்வதற்கான இசைவை இதழிலேயே அச்சிடுதலும் அவற்றுள் முதன்மையானவை. அவ்வாறு செய்யின், தோட்டப்புறப் பாடல்களை முதியோர் வாய்மொழியாக இன்னும் கேட்கக்கூடிய இடத்தில் வாழும் ஓர் ஆசிரியர், கட்டுரை கிடைக்காமையால் தம் ஆய்வைக் கைவிடும் நிலை நேராது எனக் கருதுகின்றோம்.